கேள்விகள் இருந்த இடம்

எங்கள் அம்பிகைபாகன் சேருக்கு வாக்குக் கொடுக்கிற வியாதி இருந்தது. கல்வித் திணைக்களத்தில் அதிகாரியாக இருந்த காலத்தில் தொற்றியதாக இருக்க வேண்டும். பாடசாலைக்குக் கட்டடம் கேட்டு வந்த அதிபருக்கு ஓம், ஆகட்டும் என்பார். இடமாற்றம் கேட்டு வந்த ஆசிரியைக்கும் ஓம். ஓய்வு பெற்று, கண்டியில் எங்கள் வீடியோப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கிய பிறகும் அந்த ஓம் அவரை விட்டுப் போகவில்லை. நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வேலை செய்வதைப் போல உயிரை வாங்குகிற காரியம் வேறு இல்லை.

அங்கம்மா கேட்டதற்கும் அவர் ஓம் என்றுதான் சொன்னார்.

அங்கம்மா, எங்களிடம் படித்த ராஜலிங்கத்தின் தாய். பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. தன் அன்றைய வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, எங்கள் நிலையத்து மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். உள்ளே பெரிய அறையில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் அவளை வெளி அறையில் உட்கார வைத்தோம். கதிரையின் நுனியில் மட்டும் உட்கார்ந்தாள். ராஜலிங்கத்தைக் கொழும்பில் யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

"ஏதாச்சும் சேதி உண்டுங்களா சார்?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் கேட்பாள். இல்லை என்று சேர் தலையை அசைத்தார்.

"நான் இன்னிக்கு அதுக்கு வரல," என்றாள் அவள். "மொகம் இருக்கு சார் எங்கிட்ட. அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவப் பெருசாக்கிக் குடுத்தீங்கள்ல, அத அலுமாரிக் கண்ணாடியில சொருகி வச்சிருக்கேன். சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கல. வச்சா செத்துப்போனவன்னு ஆயிடும். தெனமும் பாக்குறேன். ஆனா சத்தம் மறந்துக்கிட்டு வருது சார். முந்தாநாளு மலையில நின்னுக்கிட்டு, அவன் அம்மான்னு எப்படிக் கூப்பிடுவான்னு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது. பக்கத்து வீட்டுக் காம்பராப் பையன் கூப்பிடுற மாதிரிதான் வருது."

உள்ளே ஆசிரியர்கள் எதற்கோ கைதட்டினார்கள்.

"என்னைய வச்சு ஒரு படம் எடுத்தான்ல? அத நான் இன்னும் பாக்கல. பேராதனையில காட்டுன அன்னிக்கு எனக்கு மலையில வேல. ஒரு நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறேன்னு சொன்னான். அது எடுத்தப்ப பூரா அவன்தான் எங்கிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தான். அதுல அவன் சத்தம் இருக்கும்ல? ஒரு தடவ போட்டுக் காட்டினீங்கன்னா போதும்."

"ஓம் அம்மா," என்றார் சேர். அவருடைய கண் கலங்கியிருந்தது. "அந்தப் படம் எங்களிட்டப் பத்திரமா இருக்கு. இண்டைக்கு வகுப்பு நடக்குது. வாற ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, போட்டுக் காட்டுறம். அவன்ர குரலைக் கேக்கலாம்."

மூலையில் கணினி முன்னால் இருந்த எங்கள் கமெராக்காரன் மஹ்ரூப் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அங்கம்மா எழுந்து சேரைக் கும்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உடனே இறங்கிப் போனாள். வரும்போது ஏறியதைவிட வேகமாக அவள் இறங்கியது எனக்குக் கேட்டது.

"சேர்," என்றேன். "உங்களுக்கு என்ன விசரே பிடிச்சது?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கையில் கண்ணாடியோடு அப்படியே நின்றார்.

அந்தப் படத்தில் ராஜலிங்கத்தின் குரல் இல்லை. அதை வெட்டச் சொன்னதே நாங்கள்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் இரண்டு வேலை நடந்தது. தோட்டத்து இளைஞர்களுக்குக் கமெராவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் கற்றுக் கொடுத்தோம். அதே பாடங்களை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். கமெரா மஹ்ரூப்பின் பொறுப்பு. கலகெதரையில் கல்யாண வீடியோ எடுத்துத் திரிந்தவனைச் சேர்தான் பிடித்து வந்தார். ஆசிரியர் பயிற்சி என்னுடையது. நான் றீற்றா, யாழ்ப்பாணத்துக்காரி. ஆசிரிய கலாசாலையில் படிப்பித்து, அங்கே எல்லோருடனும் சண்டை பிடித்துவிட்டு இங்கே வந்தவள்.

எங்கள் பாடங்களில் சேர் வகுத்த ஒரு விதி இருந்தது. பேட்டி எடுத்தால் கேட்பவரின் குரலை வெட்ட வேண்டும். கேள்வி இருந்த இடத்தில், சத்தம் இல்லாமல் வேறொரு காட்சியை வைக்க வேண்டும். பதில் சொல்பவர் கேள்வியையும் சேர்த்துச் சொல்லும்படி முன்கூட்டியே பழக்க வேண்டும். காரணமில்லாமல் அவர் அதைச் சொல்லவில்லை. தோட்டத்துக்கு வருகிற படக்காரர்கள் எல்லோரும் மைக்கை நீட்டி அதட்டிக் கேட்பார்கள். தோட்டத்துச் சனம் நீதிமன்றக் கூண்டில் நிற்பதுபோல் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும். கடைசியில் படம் முழுக்கக் கேட்டவனுடைய குரல்தான் ஓங்கி நிற்கும். அதனால் கேட்டவனை வெளியே எடு, சொல்பவளைத் தனியே பேச விடு என்றார் சேர். அது சரியான விதி. இப்போது கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

ராஜலிங்கம் அந்த விதியை மற்றவர்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்தவன். தகப்பன் இருளப்பன், மலையில் மண் சரிந்து இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதிகம் பேசமாட்டான், ஆனால் நன்றாகக் கேட்பான். கேள்வி கேட்கும் முன் மெல்லத் தொண்டையைச் செருமுவான், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பான். எதிரில் இருப்பவர் தன்னை மறந்து சொல்லத் தொடங்கிவிடுவார். முதல் வருடம் மாணவனாக வந்தவன் அடுத்த வருடம் உதவிப் பயிற்றுநர் ஆனான். தன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஆசிரியர்கள் கமெராவைத் தலைகீழாகப் பிடிக்கும்போதும் சிரிக்காமல் திருப்பிக் கொடுப்பான். நானாக இருந்தால் சிரித்திருப்பேன், சிரித்தும் இருக்கிறேன்.

தாயைப் பற்றி அவன் எடுத்த படத்தின் பெயர் 'எங்க அம்மாவோட அடுப்பு'. பேராதனையில் ஒரு மண்டபத்தில் அதைக் காட்டியபோது, படத்தில் கேட்பவர் இருப்பதே தெரியவில்லை, அந்த அம்மா தன்பாட்டில் பேசுகிறார் என்று ஒரு விரிவுரையாளர் புகழ்ந்தார். சேருக்குத் தலைகால் தெரியவில்லை. ராஜலிங்கம் பின்வரிசையில் கமெராவுக்குப் பின்னால் நின்று, அந்த விரிவுரையாளரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எந்த நேரமும் கமெராவுக்குப் பின்னாலேயே நின்றதன் பலனை ஒரு வருடம் கழித்துக் கண்டோம். கொழும்பில் ஒரு கல்யாண வீட்டைப் படம் எடுக்கப் போனான். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை கொட்டாஞ்சேனையில் லொட்ஜுக்கு வெளியே தேத்தண்ணி குடிக்க நின்றவனை, கமெராப் பையோடு வானில் ஏற்றினார்கள். யார் என்று தெரியாது. எதிர்க்கடைக்காரர் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த முறை போனபோது பார்க்கவில்லை என்று சொன்னார். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் அவனுடைய படம் கேட்டார்கள். நிலையம் முழுக்க வீடியோவும் நிழற்படமுமாகக் குவித்து வைத்திருந்தோம். அதில் அவன் இல்லை. ஒரு படத்தில் அவனுடைய முழங்கை இருந்தது. இன்னொன்றில் சுவரில் நிழல் விழுந்திருந்தது. அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்துக் கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினோம், அங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு.

இப்போது குரலும் அதே கதைதான். ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. படமாக வெட்டுவதற்கு முன் எடுத்த மூலக் கசெட்டுகள். அவற்றில் அவன் கேட்ட கேள்வி எல்லாம் இருக்கும்.

"அது கெடச்சா கத முடிஞ்சி," என்றான் மஹ்ரூப். "நான் தேடுறேன் மிஸ். சேர் அழ வேணாம்னு சொல்லுங்க."

அலுமாரியில் இருந்த கசெட் பெட்டிகளை எல்லாம் மேசையில் கவிழ்த்தான். சமாதானம் பேசிய காலத்தில் எங்களுக்கு உதவி செய்தவர்கள் சண்டை தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராகக் கைகழுவிப் போய்விட்டார்கள். அதன்பிறகு நாங்கள் புதுக் கசெட் வாங்கியதே இல்லை. படம் முடிந்து பிரதி எடுத்ததும் மூலக் கசெட்டை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம். கணினியிலும் இடம் இல்லை, அதிலிருப்பதையும் அழித்துவிடுவோம். சிக்கனமான நிலையம் என்று கணக்காய்வுக்கு வந்தவர்கூட மெச்சிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மஹ்ரூப் என்னைக் கூப்பிட்டான். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்த தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"எல்லாத்திலயும் மேல வேற பதிவு அடிச்சீக்கிது மிஸ்," என்றான். "இது அவன்ட எழுத்து. பாருங்க, அத வெட்டிட்டு இதுல நீங்க எழுதி ஈக்கிறீங்க."

கசெட்டை ஓடவிட்டான். திரையில் நான் வந்தேன். கரும்பலகைக்கு முன்னால், கையில் சோக்கோடு, ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பேசும்போது குறுக்கே விழாதீர்கள், அதன் குரல் முழுதாக வெளியே வரும்வரை பொறுத்திருங்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்த வாயை அப்போதே யாராவது பொத்தியிருக்கலாம்.

"நிப்பாட்டும்," என்றேன்.

"அஞ்சு கசெட்டும் இதுதான். மத்த மத்த புள்ளைகள்ட கசெட்டுலயும் பாத்தேன், ஒண்ணும் ஈக்கல்ல. அவன்தானே எல்லாத்தையும் எடுத்த. ஒரே ஒரு எடத்துல, நம்மட வகுப்புக்கு வந்த தாஸிம் மாஸ்டர் பாடம் எடுக்கிறதுல, கடேசியா ஒரு செருமல் கேக்குது."

அதைப் போட்டான். மேசை இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள், கசெட் முடிந்தது. மறுபடி போட்டான். இருவரும் தலையைக் கிட்ட வைத்துக் கேட்டோம். அது ராஜலிங்கமா, தாஸிம் மாஸ்டரா என்று சத்தியம் பண்ண முடியவில்லை. தாஸிம் மாஸ்டருக்குத் தடிமன் பிடித்தால் இருமலும் செருமலும் மாதக் கணக்கில் விடாது.

"இத அவன்ட உம்மாவுக்குக் குடுக்கேலா மிஸ்," என்றான் மஹ்ரூப். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. இரண்டு நாளாக அதை யோசித்து, ஒரு முடிவும் எடுத்து வைத்திருந்தார். முடிவைக் கேட்டபோது எனக்குத்தான் இரத்தம் கொதித்தது.

"கணபதியைத் தெரியும்தானே, போன வருசம் எங்களிட்டப் படிச்சவன்," என்றார். "ராஜலிங்கத்தின்ர அதே தோட்டம், அதே பேச்சு. குரலும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். அவனைக் கொண்டு ரெண்டு மூண்டு கேள்வியைக் கேக்க வைச்சு, அந்தச் சத்தமில்லாத இடங்களில போட்டால் என்ன? மஹ்ரூப்புக்கு அது ஒரு மணித்தியால வேலை."

"சேர், அவ பெத்தவ."

"அவவே சொன்னவ, குரல் மறந்து போச்செண்டு."

"மறந்துபோச்செண்டால் வேற ஆரின்ர குரலையும் குடுக்கலாமே? அதுக்குப் பிறகு அவ சாகுமட்டும் கணபதியின்ர குரலைத்தான் தன்ர பிள்ளையெண்டு வைச்சிருக்க வேணும். அவன் உயிரோட திரும்பி வந்தால் என்ன செய்வியள்? வாசலில நிண்டு அம்மா எண்டு கூப்பிட, ஆரெண்டு கேக்கப் போறா."

"வருவான் எண்டு நீர் நினைக்கிறீரோ?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவரே நினைத்திருப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எண்பத்து மூண்டுக் கலவரத்தில எங்கட வீடு எரிஞ்சது உமக்குத் தெரியும்," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "கலியாண அல்பமும் போச்சுது. மனிசி செத்தாப்பிறகு அவவின்ர ஒரு படம் எங்கயாவது கிடைக்காதோ எண்டு ஆரார் வீட்டிலயோ தேடினனான். அப்ப ஆராவது ஒரு பொய்ப் படத்தைத் தந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பன், பிள்ளை."

"வாங்கியிருக்க மாட்டியள் சேர்," என்றேன். "முதல் பார்வையிலயே எறிஞ்சிருப்பியள்."

அவருக்கு இரங்குவதா, அவரைக் கட்டி வைத்து அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளின் கையில் கமெராவைக் கொடுத்ததே, அவர்களுடைய வீடு எரிந்தாலும் ஏதாவது மிஞ்சட்டும் என்றுதான். அது நடந்தது. எல்லாருடைய முகமும் குரலும் மிஞ்சின, எடுத்தவனுடையது மட்டும் மிஞ்சவில்லை. நான் அன்று வீட்டுக்குப் போய் விறாந்தையில் இருந்து அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டாள். திருவிழாவுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரியிருந்தாள். எங்களுக்காக ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள்.

"வர்ற வழியில ஆமிக்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கிட்டாங்க மிஸ்," என்றாள். "ஐடென்டி கார்டப் பாத்துட்டு, எங்க போற, எதுக்குப் போறன்னு கேட்டாங்க. மகனப் பாக்கப் போறேன்னேன். மகன் எங்கன்னாங்க. கண்டியிலன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அது பொய் இல்லதானுங்களே?" என்று கேட்டாள்.

சேர் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். எனக்குத் தெரியும், போவார் என்று. வாக்குக் கொடுக்கத்தான் அவருக்கு வரும்.

நான் கதிரையை அவளுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. படத்தில் அவனுடைய குரல் இல்லை என்றேன். கேட்பவருடைய குரலை வெட்டச் சொல்லி நாங்கள் படிப்பித்தோம் என்றேன். வெட்டாத கசெட்டுகளுக்கு மேலே வேறு பதிவு செய்துவிட்டோம், எங்கும் தேடினோம், இல்லை என்றேன். சேர் உங்களுக்குச் சொன்னது பிழை, அவர் மனம் பொறுக்காமல் சொன்னது என்றும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியில் இருந்த பையின் காதைக் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவனேதான் வெட்டினானா?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா. அவன்தான் வெட்டினவன்."

"நல்லா வெட்டினானா?"

"நல்லா வெட்டினவன்," என்றேன். "அவனைப்போல ஒருத்தரும் வெட்டினதில்லை."

அவள் தலையை அசைத்தாள். ரொட்டிப் பையை எடுத்து மேசையில் வைத்தாள். "சரி மிஸ். வந்ததுக்குப் படத்தப் போடுங்க. அவன் செஞ்சதுதான."

மஹ்ரூப் ஜன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு வெள்ளைத் திரையில் படத்தைப் போட்டான். லயத்துக் காம்பராவும், ஒரு மூலையில் அடுப்பும் தெரிந்தன; அடுப்புக்கு முன்னால் அங்கம்மா குந்தியிருந்தாள். நிஜ அங்கம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம்புட்டுக் கறுப்பாத் தெரியுறேன்," என்று மெல்லச் சொன்னாள்.

திரையில் இருந்தவள், "காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பேன்னா, நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சிருவேன்," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் தொடங்கினாள். பிறகு பழகிவிட்டது. விறகு ஈரமாக இருந்தால் என்ன பாடு என்று கை நீட்டிச் சொன்னாள். அது முடிந்ததும் கேள்வி ஒன்றை வெட்டிய முதல் இடம் வந்தது. தேத்தண்ணிக் கேத்தல் ஒன்று மட்டும், வாயில் ஆவியோடு. ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில் என் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மஹ்ரூப் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கம்மாதான். திரையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், "அம்மா, தேத்தண்ணி மொதல்ல யாருக்கு ஊத்துவீங்க?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி மொதல்ல இவங்க அப்பாவுக்குத்தான்," என்றாள் திரையில் இருந்தவள். "அவரு போனப்பறம் இவனுக்கு."

"இப்படித்தான் கேட்டான் மிஸ்," என்று அங்கம்மா என் பக்கம் சாய்ந்து சொன்னாள். "கேமராவுக்கு முன்னால மட்டும் நீங்கன்னு கேட்டான். மத்த நேரமெல்லாம் நீ, வா, போதான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்காத, மறுபடி எடுக்கணும்னான். கேட்டதத் திருப்பிச் சொல்லிட்டுப் பதில் சொல்லணும்னு சொன்னான். அதனால எல்லாம் மனசுல இருக்கு."

சுவரில் மாட்டிய கொழுந்துக் கூடை வந்தது. அவள் செருமினாள். "அம்மா, மலையில மழ வந்தா என்ன செய்வீங்க?"

"மழ வந்தா நனைவோம்," என்றாள் திரையில். பேராதனையில் மண்டபமே சிரித்த இடம் அது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இடுக்கில் சேரின் வெள்ளைச் சேட்டின் கைப்பக்கம் தெரிந்தது.

பிறகு லயத்து வாசலும், அதற்கு அப்பால் பஸ் வருகிற வளைவும் வந்தன. சத்தம் இல்லை. இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டி, கேள்வியை எவ்வளவு அழகாக மறைத்திருக்கிறான் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதற்குப் பின்னால் வருகிற பதிலுக்கு என்ன கேள்வி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கம்மா செருமினாள்.

"அம்மா, நான் வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டா என்ன செய்வீங்க?"

"போனாப் போகட்டும்," என்று திரையில் இருந்தவள் அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தாள். "தேத்தண்ணி மிச்சம்னு இருப்பேன்."

மஹ்ரூப் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் அங்கம்மாவின் கையைப் பிடித்தேன். அது வெயிலில் கிடந்த மரக்கட்டை மாதிரிக் காய்ந்து கரடுமுரடாக இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

படத்தின் கடைசி இடம் வந்தது. திரையில் அங்கம்மா வேலையை நிறுத்திவிட்டு நேராக எங்களைப் பார்க்கிறாள். பேசவில்லை. முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிறகு தலையை ஒருமுறை ஆட்டுகிறாள், படம் இருண்டுவிடுகிறது. கேட்பவனே இல்லாததுபோல் இருக்கிறது என்று அந்த விரிவுரையாளர் புகழ்ந்தது இந்த இடத்தைத்தான்.

பக்கத்தில் இருந்தவள் செருமினாள். "அம்மா, போதுமா? நிப்பாட்டட்டுமா?" என்றாள்.

திரையில் இருந்தவள் தலையாட்டினாள். திரை இருண்டது.

மஹ்ரூப் சீலையை விலக்க எழவில்லை.

"கேள்வி எல்லாம் வருது மிஸ்," என்றாள் அங்கம்மா. "சத்தம்தான் என் சத்தமா வருது."

நான் அவளுடைய கையை விடவில்லை. அவள் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்புல வேல கெடக்குன்னு தலையாட்டிட்டேன்," என்றாள். "இன்னுங் கொஞ்சம் கேளுடான்னு சொல்லியிருக்கலாம்."